சல்லடையும் மாதிரியும்: மிளகின் வழியே மளிகைச் சோதனையின் வரலாறு

மளிகைக் கடைக்குள் அரசு அலுவலர் ஒருவர் புகுந்து, அங்கு விற்கப்படும் உணவுப்பொருளில் ஒரு பகுதியை விலை கொடுத்து வாங்கி, அதனைப் பங்கிட்டு, முத்திரையிட்டுப் பகுப்பாய்வுக்கு அனுப்பும் முறை இன்று எல்லாரும் அறிந்ததே. இம்முறை எங்கு, எப்பொழுது, எக்காரணம் பற்றித் தோன்றியது என்பதனை ஆராயப் புகுவோர் பெரும்பாலும் சட்ட நூல்களோடு அமைந்துவிடுகின்றனர். சட்ட நூல்கள் ஆண்டையும் பிரிவையும் கூறும். ஒரு முறை மறைந்து பிறிதொரு முறை தோன்றியதன் காரணத்தைக் கூறா. ஆகவே நாம் இக்கட்டுரையில் வேறு வழியை மேற்கொள்கின்றோம். பலசரக்குக் கடையிலுள்ள சரக்குகளுள் ஒன்றை மட்டும் பற்றிக்கொண்டு, அதனைச் சோதித்தவர் யாவர், எக்கருவி கொண்டு சோதித்தனர், யார்பொருட்டுச் சோதித்தனர் என்னும் மூன்று வினாக்களை அதன் வரலாற்றினிடம் கேட்கின்றோம். நாம் எடுத்துக்கொண்ட சரக்கு மிளகு.

மிளகைத் தேர்ந்தமைக்குக் காரணம் இரண்டு. கறி என்றும் மிரியல் என்றும் சங்க நூல்கள் வழங்கும் இப்பொருள் நம் மலைகளில் விளைந்து, நம் துறைமுகங்களின் வழியே நெடுந்தொலை சென்றது. ஆதலின் அதன் வரலாறு ஒரு முனையில் நம்முடையது. மற்றொரு முனையில், இங்கிலாந்தில் மளிகை வணிகரைக் குறிக்கும் ‘குரோசர்’ என்னும் பெயரைத் தாங்கி நின்ற வணிகக் குழு, மிளகு வணிகர் குழுவின் வழி வந்ததேயாகும். எனவே மேனாட்டு மளிகைச் சோதனையின் மூலத்தைத் தேடிச் செல்வார் மிளகு மூடையின் முன்னரே சென்று நிற்பர்.

முதற்கண் நம் நாட்டுச் சான்றுகளைச் சுருங்கக் காண்போம். வண்டிகளில் வந்து இறங்கிய மிளகு மூடைகளைப் பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்துப் பண்டங்களுள் ஒன்றாக எண்ணுகின்றது. அப்பாட்டிலேயே, சுங்கம் கொள்வோர் பண்டங்களின்மீது சோழரின் புலிப்பொறியை இட்டுக் குவித்தமையும் பேசப்படுகின்றது. பெரும்பாணாற்றுப்படையில் கழுதைகள் மிளகுப் பொதி சுமந்து செல்லும் வழி, உல்கு கொள்ளும் காவலுடைய பெருவழியாகும். முசிறித் துறையில் யவனர் மரக்கலங்கள் பொன்னொடு வந்து மிளகொடு மீண்டதனை அகநானூற்றின் 149ஆம் பாட்டு உணர்த்துகின்றது. இவ்விடங்களில் அரசின் கை மூடைமீது படுகின்றது என்பது உண்மையே. ஆயினும் அக்கை மூடையின் வாயை அவிழ்த்து உள்ளே இருப்பது தூயதோ என்று பார்த்ததாக இப்பாட்டுகளில் யாதொரு குறிப்பும் இல்லை. பொறி இட்டது உல்கின்பொருட்டு, உண்பாரின்பொருட்டு அன்று. இதனைக் கொண்டு அக்காலத்தில் கலப்படம் இல்லை என்று துணிவது பொருந்தாது. பாட்டின் நோக்கம் நகரின் வளம் கூறுதலாதலின், அதன்கண் குற்றப் பட்டியலை எதிர்பார்த்தல் முறையன்று.

வடமொழி அர்த்தசாத்திரத்தின் நிலை வேறு. அதன் காலம் பற்றி அறிஞரிடைக் கருத்து வேறுபாடு உண்டு. எனினும் நான்காம் பகுதியில் வணிகரை அடக்குதல் பற்றிக் கூறும் இயலில், கூலம், நெய்ப்பொருள், உப்பு, நறுமணப் பொருள், மருந்து ஆகியவற்றோடு அவற்றின் நிறத்தையொத்த பிற பொருளைக் கலப்பார்க்குப் பன்னிரண்டு பணம் தண்டம் விதிக்கப்பட்டுள்ளது. நிறத்தால் ஒத்தது என்னும் அச்சொல்லாட்சி ஈண்டு நோக்கத்தக்கது. கலப்படத்தின் இயல்பை அது ஒரு சொல்லில் பிடித்துவிடுகின்றது: கண்ணை ஏமாற்றுவதே கலப்படம். கண்ணுக்குத் தப்பியதனை எதனால் காண்பது என்பதற்கு அந்நூல் விடை தரவில்லை. அவ்விடை கிடைக்க உலகம் நெடுங்காலம் காத்திருந்தது.

உரோமானிய அறிஞர் பிளினி கி. பி. முதல் நூற்றாண்டில் எழுதிய இயற்கை வரலாற்றின் பன்னிரண்டாம் பகுதி நமக்கு வேறொரு வகையில் பயன்படுகின்றது. அவர் ஓர் இராத்தல் திப்பிலி 15 தெனாரியம், வெண்மிளகு 7, கருமிளகு 4 என விலை கூறுகின்றார். திப்பிலியில் அலெக்சாந்திரியக் கடுகும், மிளகில் ஜூனிப்பர் என்னும் மரத்தின் கனிகளும் கலக்கப்படுகின்றன என்றும் கூறுகின்றார். மிளகு விளையும் நம் மலைச்சாரலில் ஜூனிப்பர் விளைவதில்லை. கடுகின் பெயரோ அலெக்சாந்திரியாவைச் சுட்டுகின்றது. ஆகவே கலப்படம் நிகழ்ந்த இடம் முசிறியன்று, கடலுக்கு அப்பாலுள்ள சந்தையே எனக் கொள்ளுதல் தகும். கலந்த பொருளின் பிறப்பிடம், கலந்த இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடுகின்றது. இவ்வளவுகோலை நாம் மறவாது வைத்துக்கொள்வோமாக. இக்கட்டுரையின் பிற்பகுதியில் மீண்டும் பயன்படும்.

இனி இலண்டனுக்குச் செல்வோம். அந்நகரில் மிளகு வணிகர் குழு ஒன்று 1180ஆம் ஆண்டிலேயே ஆவணங்களில் காணப்படுகின்றது. 1316இல் சோப்பர்த் தெருவைச் சார்ந்த மிளகு வணிகர் தமக்குத்தாமே விதிகள் வகுத்துக்கொண்டனர். பழைய சரக்கைப் புதியதோடு கலவாமையும், எடை மிகும்பொருட்டுச் சரக்குகளை நனையாமையும் அவ்விதிகளுள் அடங்கும். 1345இல் அவ்வணிகர் புதியதோர் அமைப்பாகக் கூடினர். அந்நூற்றாண்டு முடிவதற்குள் ‘குரோசர்’ என்னும் பெயர் அவ்வமைப்புக்கு நிலைத்தது. மொத்தமாக வாங்கி விற்போர் என்பது அதன் பொருள். சில்லறைக் கடைக்குரிய பெயராக இன்று நாம் அறிந்த சொல், பிறப்பில் மொத்த வணிகரின் பெயராக இருந்தது.

1447ஆம் ஆண்டு ஆறாம் ஹென்றி அரசர் இக்குழுவினருக்கு ஓர் உரிமை வழங்கினார். நறுமணச் சரக்குகளைச் சலித்துத் தூய்மை செய்யும் உரிமை அது. அப்பணியைச் செய்த அலுவலர்க்குக் ‘கார்பிளர்’ என்று பெயர். எக்கடைக்குள்ளும், எக்கிடங்கினுள்ளும் புகுந்து, சரக்கைப் பார்த்து, தூசியும் கல்லும் காம்பும் நீங்கச் சலித்துத் தூய்மை செய்ய, அல்லது செய்விக்க, அவர்க்கு அதிகாரம் உண்டு. நாம் அறிந்தவரை, மளிகைக் கடைக்குள் சோதனையின்பொருட்டுப் புகும் உரிமையோடு ஐரோப்பாவில் விளங்கிய மிகப் பழைய அலுவலருள் இவர் ஒருவர். இச்சொல்லின் வரலாறும் சுவையுடையது. சலித்தல் என்னும் பொருளுடைய அரபுச் சொல் இத்தாலிய வணிகர் வாயிலாக ஆங்கிலத்துள் புகுந்து, நறுமணச் சரக்குகளைச் சலித்தலைக் குறித்தது. பின்னர் வேண்டியதை மட்டும் பொறுக்கி எடுத்து ஒருவர் கூற்றைத் திரித்தல் என்னும் பொருளைப் பெற்று, இன்று சொற்களைச் சிதைத்தல் என்னும் பொருளில் வழங்குகின்றது. தூய்மை செய்தலைக் குறித்த சொல் சிதைத்தலைக் குறிக்கலாயிற்று. சலிப்போர் கையில் சரக்கு என்ன ஆயிற்று என்பதற்கு இப்பொருள்மாற்றத்தையே சான்றாக்க விழைவார் உளர். நாம் அத்துணைத் தொலைவு செல்லவில்லை.

கார்பிளரின் முறையில் இரண்டு இயல்புகள் குறிக்கத்தக்கன. ஒன்று, அவர் சரக்கு முழுவதையும் கையாண்டார். ஒரு பிடியை எடுத்துக்கொண்டு எஞ்சியதை விட்டுச் சென்றாரல்லர். மற்றொன்று, அவர் வேலை முடிந்தபின் சரக்குத் தூயதாயிற்று. தண்டனை இரண்டாம் நிலையிலேயே நின்றது. இதே காலத்தில் ஜெர்மானிய நகரமாகிய நூரம்பர்க்கில் குங்குமப்பூச் சோதனை வேறு வகையில் நடந்தது. 1444இல் அங்கு வணிகன் ஒருவன் தான் கலப்படம் செய்த குங்குமப்பூவோடு சேர்த்து எரிக்கப்பட்டான். அக்கொடுமையோடு ஒப்பிடுங்கால் இலண்டன் சல்லடை மென்மையானது. ஆனால் அச்சல்லடை யார் கையில் இருந்தது? வணிகர் குழுவின் கையில். சோதிக்கப்படுவோரும் சோதிப்போரும் ஓரினத்தவர். கட்டணமும் அவர்க்கே உரியது. குழுவில் சேராத வணிகரை அடக்கும் கருவியாகவும் அது பயன்பட்டது. உண்பார் இதில் எங்கும் தோன்றவில்லை. 1604இல் பாராளுமன்றம் இம்முறைக்குப் புதிய சட்டம் ஒன்று செய்து வலிமை தர முயன்றது. எனினும் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அச்சட்டம் நீக்கப்பட்டது.

சல்லடை தோற்றதற்குக் குழுவின் தன்னலம் மட்டுமே காரணமன்று என்பதே நம் கருத்து. முழுமிளகைச் சலிக்கலாம். இடித்த மிளகைச் சலித்தால் பயன் யாது? தூளோடு கலந்த தூளும் கண்வழியே இறங்கிவிடுமன்றோ! நகரங்கள் பெருகி, இல்லத்தில் இடிக்க நேரமும் இடமும் இல்லாத மக்கள் இடித்த சரக்கை வாங்கத் தொடங்கிய நாளிலேயே சல்லடையின் காலம் முடிந்துவிட்டது. நம் நாட்டில் அந்நாள் மிகப் பிந்தி வந்தது. மிளகையும் மல்லியையும் முழுதாக வாங்கி, முறத்தில் இட்டுப் புடைத்துக் கல்லும் பதரும் நீக்கி, அம்மியிலும் உரலிலும் தானே பொடித்துக்கொண்ட தமிழ்ப் பெண்ணே இங்குக் கார்பிளர். அவர்க்கு அரசர் யாரும் உரிமைப் பட்டயம் வழங்கவில்லை என்பது ஒன்றே வேறுபாடு.

தூளின் காலத்து நிலையை வெளிப்படுத்தியவர் பிரெடரிக் ஆக்கும் என்பார். ஜெர்மனியில் பிறந்து இலண்டனில் வாழ்ந்த வேதியியலாராகிய இவர், உணவுக் கலப்படத்தையும் உணவிலுள்ள நஞ்சையும் பற்றிய நூலை 1820இல் வெளியிட்டார். பானையில் சாவு உள்ளது என்னும் விவிலியக் கருத்தும் மண்டையோட்டுச் சின்னமும் அந்நூலின் முகப்பில் விளங்கின. முதற்பதிப்பின் ஆயிரம் படிகளும் ஒரு திங்களுக்குள் விற்றுத் தீர்ந்தன. மிளகைப் பற்றி அவர் கூறுவன இரண்டு. ஆளிவிதைப் பிண்ணாக்கு, களிமண், சிறிதளவு மிளகாய் ஆகியவற்றைப் பிசைந்து, சல்லடைவழி அழுத்தி, பீப்பாயில் இட்டு உருட்டிப் பொய்ம்மிளகு செய்தனர். சல்லடையே கலப்படத்தின் கருவியாக மாறியதை இங்குக் காண்கின்றோம். தண்ணீரில் இட்டால் மெய்ம்மிளகு நிற்கும்; பொய்ம்மிளகு கரைந்து பொடியாகும் என்று அவர் சோதனை ஒன்றும் கூறினார். மற்றொன்று, கிடங்குகளில் பெருக்கித் திரட்டிய குப்பை, மிளகுத் தூசி என்னும் பொருளில் ‘பி. டி.’ என்ற குறியெழுத்தால் சந்தையில் வெளிப்படையாக விற்கப்பட்டது. அதனினும் இழிந்தது ‘டி. பி. டி.’, அஃதாவது தூசியின் தூசி. பழைய கார்பிளர் சலித்துக் கழித்த கழிவுக்கே இப்பொழுது பெயரும் விலையும் வந்துவிட்டன.

பிளினியிடம் கண்ட அளவுகோலை இங்கு மீண்டும் இடுக. ஆளிவிதைப் பிண்ணாக்கு இங்கிலாந்தின் எண்ணெய் ஆலைகளில் மலிவாகக் கிடைத்த பொருள். மலையாளக் கரையிலிருந்து சென்ற மிளகு, தேம்சு ஆற்றங்கரையை அடைந்த பின்னரே கெட்டது.

குற்றம் உறுதிப்பட்ட வணிகரின் பெயர்களை ஆக்கும் நூலில் வெளியிட்டார். அவர்க்குப் பகைவர் பெருகினர் என்பதில் வியப்பில்லை. அவ்வாண்டின் இறுதியிலேயே, நூலகப் புத்தகங்களின் ஏடுகளைக் கிழித்தார் என்னும் குற்றச்சாட்டு அவர்மீது எழுந்தது. 1821இல் இங்கிலாந்தை விட்டு நீங்கி ஜெர்மனிக்குத் திரும்பினார். அவரோடு அவர் தொடங்கிய இயக்கமும் முப்பதாண்டு உறங்கிற்று.

அதனை எழுப்பியவர் ஆர்தர் ஹில் ஹசால் என்னும் மருத்துவர். அவர் கருவி நுண்ணோக்கி. காப்பித்தூளில் சிக்கரி கலந்துள்ளதனை வேதியியலாரால் அறிதல் இயலாது என்று நிதியமைச்சர் சார்லசு வுட்டு பாராளுமன்றத்தில் கூறியிருந்தார். அறிய இயலாத ஒன்றைத் தடை செய்தல் எங்ஙனம் என்பது அரசின் வாதம். ஹசால் 1850இல் நுண்ணோக்கியின் கீழ்க் காப்பியின் உயிரணு வேறு, சிக்கரியின் உயிரணு வேறு எனக் காட்டினார். இடித்துப் பொடியாக்கினும் செடியின் உள்ளமைப்பு அழிவதில்லை. தூளுக்கும் முகம் உண்டு. அர்த்தசாத்திரம் விடாது சென்ற வினாவுக்கு, நிறத்தால் ஒத்ததைப் பிரித்தறிவது எவ்வாறு என்னும் வினாவுக்கு, விடை இங்குக் கிடைத்தது.

‘லான்செட்’ என்னும் மருத்துவ இதழின் ஆசிரியர் தாமசு வேக்லி, ஹசாலைக் கொண்டு 1851 முதல் 1854 வரை தொடர் ஆய்வுகளை நடத்தினார். கடைகளில் சாதாரண வாடிக்கையாளரைப் போலச் சரக்கு வாங்கி, ஆய்ந்து, கடையின் பெயரும் முகவரியும் குறித்து முடிவுகளை இதழில் அச்சிட்டனர். ஆய்ந்த பொருள்கள் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டன. தூய பொருள் விற்றோர் பெயரும் அச்சிடப்பட்டது என்பதை மறத்தல் கூடாது. பழி கூறுவது மட்டும் அவர் நோக்கமன்று. வாங்கிய கடுகுத்தூள் ஒவ்வொன்றிலும் கோதுமை மாவு கலந்திருந்தது. மாவின் வெண்மையை மறைக்க மஞ்சள்தூள் சேர்க்கப்பட்டிருந்தது. நம் நாட்டில் மங்கலப் பொருளாகிய மஞ்சள் அங்குப் பொய்ச்சாட்சி சொல்லச் சென்றது!

ஹசாலின் முறையே இன்றைய சோதனையின் கரு. அவர் சரக்கு முழுவதையும் காணவில்லை, தூய்மை செய்யவுமில்லை. ஒரு சிறு பொட்டலத்தை வாங்கிச் சென்றார். அப்பொட்டலம் கடை முழுவதற்கும் சாட்சியாக நின்றது. சல்லடையின் இடத்தில் மாதிரி வந்தது என்று நாம் கூறுவது இதனையே.

பாராளுமன்றக் குழு 1855இலும் 1856இலும் இதனை விசாரித்தது. 1858இல் பிராடுபோர்டு நகரில், மிட்டாயில் சர்க்கரைக்கு மாற்றாகச் சேர்க்கும் சுண்ணப்பொடி என்று கருதி வெள்ளைப் பாடாணத்தைக் கலந்துவிட்டமையால் இருபதின்மர் அளவில் இறந்தனர். ஏறத்தாழ இருநூற்றுவர் நோயுற்றனர். கலப்படம் வழக்கமாக இருந்தமையாலேயே அத்தவறு நேர்ந்தது. ஆயினும் யாரும் தண்டிக்கப்படவில்லை. 1860இல் முதற் சட்டம் வந்தது. உள்ளாட்சிகள் விரும்பினால் பகுப்பாய்வாளரை அமர்த்தலாம் என்று மட்டும் அது கூறியமையின், பெரும்பாலோர் விரும்பவில்லை. 1872ஆம் ஆண்டுச் சட்டம் அலுவலரே சென்று மாதிரி வாங்க வழி வகுத்தது. இவற்றின் குறைகளைக் களைந்து 1875இல் உணவு, மருந்து விற்பனைச் சட்டம் நிறைவேறியது. நம் நாட்டு முறைக்கு முன்மாதிரி இதுவே ஆதலின் இதன் பதினான்காம் பிரிவைச் சற்று விரிவாக நோக்குவோம்.

வாங்கி முடித்த உடனே அலுவலர் தம் நோக்கத்தை விற்பவர்க்கு அறிவித்தல் வேண்டும். பொருளை மூன்று பங்காக்க முன்வருதல் வேண்டும். ஒவ்வொரு பங்கும் முத்திரை பெறும். ஒன்று பகுப்பாய்வாளர்க்கு, ஒன்று அலுவலரிடம், ஒன்று கடைக்காரரிடமே. இப்பங்கீட்டில் ஆழ்ந்த கருத்து ஒன்று உண்டு. சோதிப்பவரும் பொய் கூறலாம், தவறலாம் என்பதனைச் சட்டமே ஒப்புக்கொள்கின்றது. பழைய கார்பிளரை மறுத்துக் கேட்கச் சரக்குடையவர்க்குச் சான்று ஏதும் இல்லை. சலித்த பின் சலிக்காத சரக்கு ஏது? புதிய முறையில் கடைக்காரர் கையில் மூன்றில் ஒரு பங்கு சான்றாக நிற்கின்றது. அவர் மறுத்தால் அரசின் மேலாய்வுக்கூடம் தீர்ப்புக் கூறும்.

இச்சட்டத்தின்மேல் எழுந்த வழக்கு ஒன்று சுவையானது. வாங்குபவர்க்குக் கேடு பயக்கும் வகையில் விற்றலே குற்றம் என்று சட்டம் கூறிற்று. அலுவலர் உண்பதற்காக வாங்கவில்லையே, சோதிக்கவே வாங்கினார், அவர்க்குக் கேடு யாது என்று வணிகர் வாதிட்டனர். 1879இல் நீதிமன்றம் இவ்வாதத்தைத் தள்ளிற்று. அவ்வாண்டே திருத்தச் சட்டமும் அவ்வாதத்துக்கு இடமில்லாமல் செய்தது. பசியில்லாத வாடிக்கையாளராகிய அலுவலர், பசியுள்ள எல்லார்க்கும் பதிலாளாக நிற்கலாம் என்பது இதனால் முடிவாயிற்று. உண்பார் இவ்வரலாற்றில் முதன்முறையாகத் தோன்றும் இடம் இது. அதுவும் பிறரொருவர் உருவில்.

இம்முறை சென்னை மாகாணத்திற்கு 1918ஆம் ஆண்டின் மூன்றாம் சட்டமாகிய சென்னைக் கலப்படத் தடைச் சட்டத்தின் வாயிலாக வந்தது. பிற மாகாணங்களும் தத்தமக்கெனச் சட்டம் செய்தன. விடுதலைக்குப் பின் 1954இல் இந்தியப் பாராளுமன்றம் நாடு முழுமைக்கும் உணவுக் கலப்படத் தடைச் சட்டத்தை நிறைவேற்றியது. 1955 ஜூன் முதல் நாள் அது நடைமுறைக்கு வந்தது. உணவு ஆய்வாளர், பொதுப் பகுப்பாய்வாளர், மூன்று பங்கு, முத்திரை, மேல்முறையீட்டுக்குக் கல்கத்தாவிலிருந்த நடுவண் உணவு ஆய்வுக்கூடம் என 1875ஆம் ஆண்டின் அமைப்பு ஏறத்தாழ முழுதும் இங்குக் குடியேறியது.

ஆனால் இலண்டன் கடைக்கும் நம் ஊர்க் கடைக்கும் உள்ள வேறுபாட்டை அச்சட்டம் போதிய அளவு எண்ணவில்லை என்றே கூறுதல் வேண்டும். நம் கடைக்காரர் பலர் திறந்த மூட்டையில் வாங்கி, திறந்த மூட்டையில் விற்றனர். மண்டியில் வாங்கியதற்குப் பட்டியல் இருப்பது அரிது. விற்ற பொருளின் இயல்பை அறியேன் என்பது எதிர்வாதமாகாது என்று பத்தொன்பதாம் பிரிவு கூறிற்று. எழுத்து வடிவில் உறுதிச்சீட்டு வைத்திருந்தவர் தப்பலாம். இல்லாதவர் தப்ப வழியில்லை. 1961இல் உச்ச நீதிமன்றம், கடுகெண்ணெய் வழக்கு ஒன்றில், கடை முதலாளியேயன்றி அவரிடம் கூலிக்கு வேலை செய்து விற்றவரும் குற்றவாளியே என்று தீர்ப்பளித்தது. 1964ஆம் ஆண்டுத் திருத்தம் குறைந்தது ஆறு திங்கள் சிறை என்று விதித்தது. கலந்தவர் எங்கோ இருக்க, நிறுத்துக் கொடுத்தவர் சிறை செல்லும் நிலை உண்டாயிற்று. இதனைக் கூறுவதால் நாம் சட்டத்தை இகழ்வதாகக் கொள்ளற்க. கடைக்காரரை விட்டால் உண்பாரைக் காக்க வேறு வாயில் அன்று இல்லை. எனினும் சங்கிலியின் கடைசிக் கண்ணியையே பற்றி இழுப்பது மாதிரி முறையின் உள்ளார்ந்த இயல்பு என்பது மறைக்கத்தக்கதன்று. கார்பிளர் கிடங்கிலும் நின்றார். மாதிரி எடுப்பவரோ பெரும்பாலும் கடை வாயிலில் நின்றார்.

மாதிரிக்கு மற்றுமொரு தளர்ச்சி உண்டு, அது கெடும். 1961 செப்டம்பரில் தில்லியில் எடுத்த தயிர் மாதிரி பற்றிய வழக்கு 1967இல் உச்ச நீதிமன்றத்தில் முடிவுற்றது. வழக்குத் தொடுப்பதில் பல திங்கள் கழிந்தமையால், கடைக்காரர் தம் பங்கை மேலாய்வுக்கு அனுப்பியபோது அது அழுகி ஆய்வுக்குத் தகுதியற்றிருந்தது. தம் பங்கைக் கொண்டு தம்மைக் காத்துக்கொள்ளும் உரிமை அரசின் காலத்தாழ்ச்சியால் பறிபோயிற்று என்று கூறி நீதிமன்றம் அவரை விடுவித்ததே முறையென உறுதி செய்தது. அத்தயிர் உண்மையில் குறையுடையதாகவே இருந்திருக்கலாம். உண்பார்க்கு நியாயம் கிடைத்ததா என்னும் வினா அங்கு எழவேயில்லை, எழவும் இயலாது. மூன்று பங்கு முறை காத்தது நடுவுநிலையை, உணவை அன்று. 1976ஆம் ஆண்டுத் திருத்தம் கடைக்காரர் கையில் பங்கு கொடுக்கும் வழக்கத்தையே நீக்கி, எஞ்சிய இரு பங்குகளையும் உள்ளூர் நல அதிகாரியிடம் வைத்தது. கடைக்காரர் கைப்பங்கு, நூறாண்டு நின்ற கருத்து, அன்றோடு மறைந்தது.

2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணயச் சட்டம் 2011 ஆகஸ்டு 5ஆம் நாள் நடைமுறைக்கு வந்து பழைய சட்டத்தின் இடத்தைப் பெற்றது. இப்பொழுது பங்கு நான்கு. ஒன்று பகுப்பாய்வாளர்க்கு; இரண்டு நியமன அலுவலர்க்கு; கடைக்காரர் வேண்டினால் நான்காவது பங்கு ஏற்புப் பெற்ற ஆய்வுக்கூடம் ஒன்றிற்குச் செல்லும். அவர் கையில் இராவிட்டாலும் அவர் சொல்லில் ஒரு பங்கு மீண்டும் அசைகின்றது. தரக்குறைவுக்குச் சிறையில்லை, தண்டத்தொகை உண்டு. கேடு பயக்கும் உணவுக்கே சிறை. உற்பத்தியாளர், பகிர்வோர், விற்போர் ஆகியோர் பொறுப்பு தனித்தனியே வகுக்கப்பட்டுள்ளது.

மிளகின் கதையும் இதற்குள் மாறிவிட்டது. இன்று நம் கடைகளில் மிளகோடு கலக்கும் பொருளாகப் பரவலாக அறியப்படுவது பப்பாளி விதை. தண்ணீரில் இட்டால் நன்மிளகு அமிழும், பப்பாளி விதை மிதக்கும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமே இல்லத்தார்க்குச் சோதனை கற்பிக்கின்றது. ஆக்கும் கூறிய அதே தண்ணீர்ச் சோதனை, விடை மட்டும் வேறு: அன்று பொய் கரைந்தது, இன்று பொய் மிதக்கின்றது. நம் அளவுகோலை மூன்றாம் முறையாக இட்டுப் பார்க்கின், பப்பாளி நம் கொல்லையில் விளைவது. ஜூனிப்பரும் ஆளிவிதைப் பிண்ணாக்கும் கலந்த கைகள் கடலுக்கு அப்பால் இருந்தன. பப்பாளி விதை கலந்த கை நம் நடுவில் உள்ளது. மிளகை விளைத்த நாடே மிளகை வாங்கி உண்ணும் பெருஞ்சந்தையாகவும் ஆகிவிட்டமையின் விளைவு இது எனலாம்.

தண்ணீருக்கும் தப்பும் கலப்படம் உண்டு. 2012 டிசம்பரில் கொச்சியில், பொருட்சந்தை ஒன்றின் கிடங்குகளில் இருந்த ஆயிரக்கணக்கான டன் மிளகு, கனிம எண்ணெய் பூசப்பட்டிருந்ததாகக் கண்டு முத்திரையிடப்பட்டது. மினுமினுப்புக்காகவும் பூஞ்சை பிடியாமைக்காகவும் பூசும் எண்ணெய் அது. சல்லடைக்கும் தப்பும், நுண்ணோக்கிக்கும் தப்பும், ஆய்வுக்கூடத்தின் கருவிகளே அதனைக் காட்டும். ஆனால் அலுவலர் நின்ற இடத்தை நோக்குக. அவர் நின்றது சில்லறைக் கடை வாயிலில் அன்று, கிடங்கில். முத்திரை பெற்றது பொட்டலமன்று. மூடை மூடையாகச் சரக்கு முழுவதும். அதனைக் கழுவித் தூய்மை செய்து விற்கலாமா, அழித்தல் வேண்டுமா என்னும் வினாவே வழக்காயிற்று. 1447ஆம் ஆண்டில் ஒரு கார்பிளர் எதிர்கொண்டிருக்கக்கூடிய வினா அது.

இச்சட்டத்தின் 32ஆம் பிரிவு ‘மேம்பாட்டு அறிவிப்பு’ என்னும் ஒன்றை ஏற்படுத்தியுள்ளது. இங்கிலாந்தின் 1990ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் பத்தாம் பிரிவை இது பெரிதும் ஒத்துள்ளது. கடையில் குறை கண்ட அலுவலர் உடனே வழக்குத் தொடுக்க வேண்டுவதில்லை. குறை யாது, அதனை நீக்கச் செய்ய வேண்டுவன யாவை என்று எழுத்தில் கொடுத்து, பதினான்கு நாளுக்குக் குறையாத தவணை அளிப்பார். தூய்மை செய்தல் கடைக்காரர் பணி. செய்தாரா என மீண்டும் வந்து பார்த்தல் அலுவலர் பணி. செய்யாவிடின் உரிமம் நிறுத்தப்படலாம். பின்னும் செய்யாவிடின் நீக்கப்படலாம். மாதிரிப் பொட்டலத்துக்கும் முத்திரைக்கும் இவ்வறிவிப்பில் இடமில்லை. நாம் கண்ட அறிவிப்புகள் சிலவற்றில் எழுதப்பட்டிருந்தவை இவை: மூட்டைகளைத் தரையினின்று உயர்த்தி மரத்தட்டின்மேல் வைக்க, எலி புகும் துளையை அடைக்க, மிளகையும் சீரகத்தையும் மூடியுள்ள கலத்தில் இட்டு வைக்க, சலித்து விற்க.